வரவேண்டிய பாக்கியும் வாராக்கடனும்: கணக்கு எழுதத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பாலிபேக் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி உட்பட ஆண்டுக் கடன் விற்பனை 2 கோடியே 40 லட்சம் ரூபாய். கடனாளிகள் பட்டியலில் நிற்கும் மொத்தப் பாக்கி 41,18,000 ரூபாய். மார்ச் கடைசி வாரத்தில் முதலாளி உங்களிடம் கேட்கிறார்: "இதில் எவ்வளவு கைக்கு வரும்?"

பேரேட்டைத் திறந்தவுடன் இதற்குப் பதில் கிடைக்காது. பேரேடு சொல்வது எவ்வளவு வரவேண்டும் என்பதை மட்டுமே. எவ்வளவு வரும் என்று கணித்து, அதைக் கணக்கில் பதிந்து, வராததை முறைப்படி நீக்குவதுதான் உங்கள் வேலை. அதை ஒவ்வொரு படியாக எப்படிச் செய்வது என்பதை இதே நிறுவனத்தின் எண்களை வைத்துச் சொல்கிறேன்.

செத்துப்போன பாக்கியை உயிருள்ளதாகக் காட்டும் ஏட்டுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு விலை உண்டு. விற்ற அன்றே லாபம் எழுதியாயிற்று, அதற்கு வருமான வரி கட்டியாயிற்று, ஜிஎஸ்டியும் கட்டியாயிற்று. வராத பணத்தை நம்பி அடுத்த லோடு பிளாஸ்டிக் குருணைக்கு ஆர்டரும் கொடுத்தாயிற்று. வங்கியின் கேஷ் கிரெடிட் கணக்கோ அந்தப் பாக்கியை எப்போதோ கைவிட்டிருக்கும். பெரும்பாலான வங்கிகள் 90 நாளுக்கு மேற்பட்ட கடனாளிகளை எடுப்பு வரம்புக் கணக்கில், அதாவது எவ்வளவு பணம் எடுக்கவிடலாம் என்ற கணக்கில், சேர்ப்பதில்லை. பாக்கியின் உண்மை நிலை வங்கிக்குத் தெரிந்து முதலாளிக்குத் தெரியாமல் போனால் அந்தத் தொழில் நெடுநாள் நிற்காது.

முதல் படி: பில் வாரியாகப் பிரியுங்கள்

டாலியிலோ வேறு மென்பொருளிலோ ஒவ்வொரு பார்ட்டியின் கணக்கிலும் 'பில் பை பில்' வசதி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இயங்கவில்லையென்றால் ஒரு பார்ட்டி 6 லட்சம் தர வேண்டும் என்பது மட்டும் தெரியும். அது போன மாதப் பில்லா, போன தீபாவளிப் பில்லா என்பது தெரியாது. பாக்கியின் வயது தெரியாமல் இந்த வேலையில் எதுவும் நகராது.

வசதி இயங்கினாலும் ஒரு சோம்பல் அதைக் கெடுத்துவிடும். பணம் வந்தவுடன் எந்தப் பில்லுக்கு என்று கேட்காமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று வரவு வைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய பில்கள் எல்லாம் நிலுவையில் நிற்கும், எதிரே பொதுவாக வந்த பணம் ஒரு மூட்டையாகக் கிடக்கும். அதைப் பிரிப்பதற்குள் மார்ச் முடிந்துவிடும்.

பார்ட்டி பில் எண் சொல்லாமல் 2 லட்சம் அனுப்பினால் என்ன செய்வது? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59 முதல் 61 வரையிலான பிரிவுகள் வரிசையைச் சொல்கின்றன. கடனாளி எந்தக் கடனுக்கு என்று சொன்னால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால் கடன் கொடுத்தவர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். இருவருமே குறிக்காவிட்டால் பழைய கடனுக்கு முதலில் சேரும். நடைமுறையில், பணம் வந்த அன்றே வாட்ஸப்பில் "இந்த 2 லட்சத்தை இன்னின்ன பில்களுக்கு வரவு வைத்திருக்கிறோம்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பின்னால் வரும் பல தகராறுகள் அந்த ஒரு வரியிலேயே அடங்கிவிடும்.

இரண்டாம் படி: பாக்கி போல் தெரியும் பாக்கி அல்லாதவற்றை எடுங்கள்

வாராக்கடன் என்று முதலாளிகள் புலம்பும் தொகையில் கணிசமான பகுதி கடனே அல்ல. எழுதப்படாமல் விட்ட குறிப்புகள் அவை. பையின் கனம் குறைந்தது என்று பார்ட்டி டெபிட் நோட் (பில் தொகையில் கழித்துக்கொள்ளும் குறிப்பு) அனுப்பியிருப்பார். அச்சு மங்கியது என்று 300 பைகளைத் திருப்பியிருப்பார். பேசிய விலைக்கும் பில் விலைக்கும் கிலோவுக்கு 2 ரூபாய் வித்தியாசம் இருந்திருக்கும். இவையெல்லாம் அவர்கள் ஏட்டில் ஏறியிருக்கும், உங்கள் ஏட்டில் ஏறியிருக்காது. இப்படிப்பட்ட தொகையை வாராக்கடனாக எழுதினால் விற்பனைத் திருப்பத்தை நட்டமாகக் காட்டிய பிழை வரும். அதோடு, திரும்பிக் கிடைத்திருக்க வேண்டிய ஜிஎஸ்டியும் கைவிட்டுப் போகும். சரக்கு திரும்பியதற்கும் விலை கூடுதலாகப் போட்டதற்கும் ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் (விற்றவர் பில் தொகையைக் குறைத்துத் தரும் குறிப்பு) போட்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்த விற்பனை நடந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரையில்தான் அதற்கு அவகாசம். ஆண்டறிக்கையை அதற்கு முன்பே தாக்கல் செய்துவிட்டால் அவகாசம் அன்றோடு முடிந்துவிடும்.

அடுத்தது டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே வரியைப் பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டுவது. பெரிய ஏற்றுமதி நிறுவனம் உங்களிடம் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் வாங்கினால், கூடுதல் தொகைக்கு 0.1 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். அந்தச் சில்லறை ஒவ்வொரு பில்லிலும் நூறு, இருநூறு என்று தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் படிவத்தோடு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 26ஏஎஸ்) ஒப்பிட்டு, அதை 'பெற வேண்டிய டிடிஎஸ்' கணக்குக்கு மாற்றுங்கள். அது அரசிடமிருந்து உங்களுக்கு வரவேண்டியது.

இன்னொரு கழிவும் உண்டு. பேச்சுவார்த்தையில் ஒரு லட்சம் பாக்கியை 90,000 வாங்கிக்கொண்டு முடித்திருப்பார்கள். அந்த 10,000 ரூபாயைத் தீர்வுத் தள்ளுபடி என்று தனிக் கணக்கில் எழுதுங்கள். அது தெரிந்தே விட்டுக்கொடுத்தது. வாராக்கடன் ஏமாந்து போனது. ஆண்டு முடிவில் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் முதலாளி தன் விற்பனைப் பிரதிநிதிகளிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

மூன்றாம் படி: பார்ட்டியின் கையெழுத்தை வாங்குங்கள்

மார்ச் 31 தேதியிட்டு ஒவ்வொரு பார்ட்டிக்கும் கணக்கு அறிக்கை அனுப்பி, இருப்பு சரிதான் என்று கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பலர் இதைத் தணிக்கையாளருக்கான சடங்கு என்று நினைக்கிறார்கள். அந்தத் தாளின் மதிப்பு அதைவிடப் பெரியது.

1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட 3 ஆண்டுகள்தான் அவகாசம். கடன் தவணை எதுவும் பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும், தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து. அந்த 3 ஆண்டுகளுக்குள் கடனாளி எழுத்துமூலம் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், 18ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் தொடங்கும். ஒரு பகுதித் தொகையைச் செலுத்தி, அதற்கான எழுத்து அவர் கையால் அல்லது அவர் கையெழுத்தோடு இருந்தாலும் 19ஆம் பிரிவின்படி அதே பலன். ஆகவே இருப்பு உறுதிக் கடிதம் என்பது பாக்கியின் ஆயுளை நீட்டிக்கும் ஆவணம். காலவரம்பு முடிந்தபின் வாங்கும் வெறும் ஒப்புதலுக்கு இந்தச் சக்தி கிடையாது.

கடிதம் அனுப்பியும் பதிலே வராத பார்ட்டிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஐந்தாம் படிக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.

நான்காம் படி: வயதுப் பட்டியல் போடுங்கள்

மேலே சொன்ன சுத்திகரிப்பு முடிந்தது. நம் நிறுவனத்தில் அப்படி நீக்க எதுவும் இல்லை, பாக்கி 41,18,000 ஆகவே நிற்கிறது என்று கொள்வோம். நம் நிறுவனத்தில் 1,18,000 ரூபாய் பாக்கி வைத்த ஒரு பார்ட்டி யூனிட்டை மூடி, இயந்திரங்களை விற்று, ஊரைவிட்டே போய்விட்டார். அதைப் பின்னால் பார்ப்போம். மீதி 40,00,000 ரூபாயைப் பில் தேதியிலிருந்து கடந்த நாள்களை வைத்துப் பிரிக்கிறோம்:

45 நாள் வரை: 22,00,000
46 முதல் 90 நாள்: 9,00,000
91 முதல் 180 நாள்: 5,00,000
181 நாள் முதல் ஓராண்டு: 2,50,000
ஓராண்டுக்கு மேல்: 1,50,000

நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதை ஒருமுறை முடிவு செய்து எழுதி வையுங்கள். எல்லாப் பார்ட்டிக்கும் ஒரே தவணை என்றால் பில் தேதி போதும். ஒருவருக்கு 30 நாள், இன்னொருவருக்கு 90 நாள் என்று கொடுத்திருந்தால், ஐயக்கடன் (வருமா வராதா என்று ஐயமுள்ள பாக்கி) கணிப்புக்குத் தவணை முடிந்த நாளிலிருந்து எண்ணுவதே நியாயம். வங்கிக்குக் கொடுக்கும் அறிக்கைக்கும் ஜிஎஸ்டியின் 180 நாள் விதிக்கும் பில் தேதிதான். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, 2021 ஏப்ரல் 1 முதல், ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றாண்டுக்கு மேல் என்ற பிரிவுகளில் வயதைக் காட்டச் சொல்கிறது. தகராறு உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்தும் காட்ட வேண்டும்.

ஒரு சிறு கணக்கையும் கூடவே போட்டுவிடுங்கள். 40 லட்சத்தை 2 கோடியே 40 லட்சத்தால் வகுத்து 365ஆல் பெருக்கினால் 61 நாள் வருகிறது. 45 நாள் தவணை என்று பில்லில் அச்சடித்துவிட்டு 61 நாளில் வசூலிக்கிறோம். அந்த 16 நாளுக்கான வட்டி நம் கேஷ் கிரெடிட் கணக்கில் ஏறுகிறது.

ஐந்தாம் படி: எவ்வளவு வராது என்று கணியுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ஒவ்வொரு வயதுக்கும் எத்தனை சதவீதம் வராது என்று எப்படிச் சொல்வது? பக்கத்துக் கம்பெனியின் சதவீதத்தை வாங்கிப் போடாதீர்கள், பாடப் புத்தகத்தின் 5 சதவீதத்தையும் போடாதீர்கள். உங்கள் ஏட்டிலேயே விடை இருக்கிறது.

கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் பில்களை எடுங்கள். அவற்றில் 180 நாளைத் தாண்டியவை மொத்தம் எவ்வளவு, அவற்றில் கடைசிவரை வராமலே போனவை எவ்வளவு என்று பாருங்கள். 10 லட்சம் தாண்டி, அதில் 3 லட்சம் வராமல் போயிருந்தால் அந்த வயதுக்கு 30 சதவீதம். இதையே 90 நாளுக்கும், 45 நாளுக்கும், ஓராண்டுக்கும் செய்யுங்கள். ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டிய வேலை. ஆனால் அன்று கிடைக்கும் எண்கள், அந்த நிறுவனத்தில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கே தெரியாத உண்மையைச் சொல்லும்.

நம் நிறுவனத்துக்கு வந்த சதவீதங்களைப் போட்டுப் பார்க்கலாம்:

22,00,000க்கு 1 சதவீதம்: 22,000
9,00,000க்கு 3 சதவீதம்: 27,000
5,00,000க்கு 10 சதவீதம்: 50,000
2,50,000க்கு 30 சதவீதம்: 75,000
1,50,000க்கு 60 சதவீதம்: 90,000
மொத்தம்: 2,64,000

இதோடு நிறுத்திவிடக் கூடாது. பழைய அனுபவம் பழைய காலத்துக்கு உரியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த பனியன் கம்பெனிகளின் பணச் சுழற்சி ஒரே மாதத்தில் மாறிப்போனது. அதற்கு முந்தைய மூன்றாண்டுச் சராசரி அந்த நேரத்தில் எதையும் சொல்லியிருக்காது. அப்படிப்பட்ட வேளையில் உங்கள் பார்ட்டிகளில் யார் எந்த நாட்டுக்குத் தைக்கிறார்கள் என்று பார்த்து, சதவீதத்தைக் கூட்டத்தான் வேண்டும். இந்திய கணக்கியல் தரநிலை 109 அதைப் பின்பற்ற வேண்டிய நிறுவனங்களிடம் கேட்பதும் இதைத்தான்: எதிர்காலத்தை நோக்கி இழப்பைக் கணி என்கிறது. சிறு நிறுவனத்தை அந்தத் தரநிலை கட்டுப்படுத்தாது, ஆனாலும் அதன் யோசனை நல்லது.

பிறகு பெயர் பெயராகப் பாருங்கள். 60 நாள் பாக்கிதான் என்றாலும், இருப்புக் கடிதத்துக்குப் பதில் தராமல், செக் இரண்டு முறை திரும்பி, யூனிட்டில் ஆள் குறைந்து, போன் எடுக்காத பார்ட்டிக்கு 3 சதவீதம் போடுவது உங்களையே ஏமாற்றிக்கொள்வது. அவரை வயதுப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்து, பாதியோ முழுதுமோ தனியாக ஒதுக்குங்கள். எதிராக, ஓராண்டு இழுத்தாலும் கடைசியில் கொடுத்துவிடும் பார்ட்டிகளும் உண்டு. சரக்கு வண்டி ஓட்டுபவருக்கும் வசூலுக்குப் போகும் பையனுக்கும் இது உங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்காமல் இந்தப் படியை முடிக்காதீர்கள்.

ஆறாம் படி: பதிவுகள்

இரண்டு வேறு செயல்களை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒதுக்கு என்பது கணிப்பு: இத்தனை பேரில் யாரோ சிலர் தரமாட்டார்கள், பெயர் இன்னும் தெரியாது. போக்கெழுதுதல் என்பது முடிவு: இந்தப் பார்ட்டியின் இந்தப் பில் வராது.

ஆண்டுத் தொடக்கத்தில் நம் ஏட்டில் வாரா ஐயக்கடன் ஒதுக்கு 1,80,000 இருந்தது. இப்போது ஊரைவிட்டுப் போன பார்ட்டியின் 1,18,000 ரூபாயைப் போக்கெழுதுகிறோம்:

வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு — பற்று 1,18,000
பார்ட்டி க/கு — வரவு 1,18,000

இந்தப் பதிவால் இந்த ஆண்டின் லாபம் குறையவில்லை. ஏனென்றால் அந்த இழப்பை முந்தைய ஆண்டுகளிலேயே எதிர்பார்த்து லாபத்தில் கழித்து வைத்திருக்கிறோம். நிகரக் கடனாளிகளைப் பாருங்கள். முன்பு 41,18,000 கழித்தல் 1,80,000, அதாவது 39,38,000. பின்பு 40,00,000 கழித்தல் 62,000, அதுவும் 39,38,000. புதியவர்கள் இந்த இடத்தில் எங்கோ தவறு நடந்துவிட்டது என்று எண்ணித் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார்கள். தவறில்லை. இழப்பு வரும் முன்பே பதிந்துவிட்டதால் வந்த நாளில் ஏடு அசையவில்லை. ஒதுக்கு முறையின் சிறப்பே இதுதான்.

இப்போது ஒதுக்கில் மீதி 62,000. ஐந்தாம் படியில் தேவை என்று வந்தது 2,64,000. வித்தியாசம் 2,02,000 ரூபாயை இலாப நட்டக் கணக்கில் ஏற்றுகிறோம்:

இலாப நட்டக் க/கு — பற்று 2,02,000
வாரா ஐயக்கடன் ஒதுக்கு க/கு — வரவு 2,02,000

2,64,000 முழுவதையும் ஏற்றிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. ஏற்கெனவே இருப்பதைக் கழித்து மீதியைத்தான் ஏற்ற வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் 40,00,000, ஒதுக்கு 2,64,000 கழித்து 37,36,000 என்று காட்டுங்கள். முதலாளியின் கேள்விக்கான பதில் அந்த 37,36,000.

ஒதுக்கே வைக்காமல், போன பிறகு நேரடியாக வாராக்கடன் கணக்கில் பற்று எழுதும் வழக்கம் தனி உரிமையாளர் தொழில்களில் பரவலாக இருக்கிறது. எளிது, வருமான வரிக்கும் அதுவே போதும். ஆனால் போன ஆண்டு விற்பனையின் இழப்பு இந்த ஆண்டு லாபத்தைத் தின்னும், எந்த ஆண்டின் லாபமும் உண்மையைச் சொல்லாது. கடனுக்கு விற்பது தொழிலின் பெரும்பகுதியாக இருந்தால் ஒதுக்கு வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

வருமான வரி

ஒதுக்குக்கு வரிக் கழிவு கிடையாது. வங்கிகளுக்கும் சில நிதி நிறுவனங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே நம் நிறுவனத்தின் வரிக் கணக்கீட்டில் 2,02,000 ரூபாயை லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். ஏட்டில் உண்மையாகப் போக்கெழுதிய 1,18,000 ரூபாய்க்குத்தான் கழிவு கேட்க முடியும்.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இது 36ஆம் பிரிவு. அந்தக் கடன் இந்த ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ வருமானமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், ஏட்டில் போக்கெழுதப்பட்டிருக்க வேண்டும். இவை போதும். கடன் உண்மையிலேயே வாராததாகிவிட்டது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் டிஆர்எஃப் நிறுவன வழக்கில் தீர்ப்பளித்தது. நேரடி வரிகள் வாரியமும் 2016 மே 30 தேதியிட்ட சுற்றறிக்கையில் அதை ஏற்று, இது தொடர்பான மேல்முறையீடுகளைக் கைவிடுமாறு தன் அதிகாரிகளுக்குச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடப்புக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறியுள்ளன. படிவம் நிரப்பும்போது புதிய எண்ணைத் தணிக்கையாளரிடம் கேட்டுப் போடுங்கள்.

நிரூபிக்கத் தேவையில்லை என்பதால் கோப்பே வேண்டாம் என்று எண்ணாதீர்கள். பில், டெலிவரி சலான், இ-வே பில், அனுப்பிய கடிதங்கள், திரும்பிய செக் இவையெல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

'வருமானமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த 1,18,000 ரூபாயில் சரக்கின் விலை 1,00,000, ஜிஎஸ்டி 18,000. ஜிஎஸ்டி உங்கள் விற்பனைக் கணக்கில் ஏறவே இல்லை. ஆகவே அந்த 18,000 ரூபாயை வாராக்கடனாகக் கேட்பதா, தொழில் இழப்பாகக் கேட்பதா என்பதைப் படிவம் தாக்கல் செய்யும் முன்பே தணிக்கையாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். சரக்குக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தது, ஊழியருக்குக் கொடுத்த கடன் இவையும் இந்தப் பிரிவுக்குள் வராது. அவற்றை வாராக்கடன் கணக்கில் போட்டுக் கலக்க வேண்டாம்.

உத்தேச வருமான முறையில், அதாவது விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக வைத்து, வரி கட்டுபவருக்கு வாராக்கடனுக்கென்று தனிக் கழிவு இல்லை.

ஜிஎஸ்டி

இங்கே நல்ல செய்தி இல்லை. பார்ட்டி பணம் தராவிட்டாலும் நீங்கள் கட்டிய 18,000 ரூபாய் திரும்பாது. கிரெடிட் நோட் போட்டு அதைத் திரும்ப எடுக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 34ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. சரக்கு திரும்பவில்லை, விலையும் கூடுதலாகப் போடப்படவில்லை, பணம் மட்டும்தான் வரவில்லை. அப்படிப் போடும் நோட் பின்னால் வட்டியோடு உங்களிடமே திரும்பி வரும்.

ஆனால் அதே சட்டம் வாங்கியவரையும் கட்டுகிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லுக்கு அவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவை (வாங்கிய சரக்கின் ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் தந்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். 150ஆம் நாளில், பில் எண்ணைக் குறிப்பிட்டு இதை நினைவூட்டும் பணிவான கடிதம் ஒன்றைப் பார்ட்டியின் முதலாளிக்கு அனுப்புவதோடு நிறுத்தாமல் அவருடைய கணக்கருக்கும் அனுப்புங்கள். கணக்கருக்குத்தான் அதன் கனம் உடனே புரியும்.

போக்கெழுதியபின் விட்டுவிடாதீர்கள்

ஏட்டில் நீக்கியதால் கடன் தீர்ந்துவிடவில்லை. பார்ட்டி இன்னும் தர வேண்டியவர்தான், காலவரம்பு முடியும்வரை உங்கள் உரிமையும் உயிரோடு இருக்கிறது. போக்கெழுதிய பாக்கிகளுக்கென்று தனிப் பதிவேடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே காலவரம்பு முடியும் தேதியை எழுதுங்கள்.

பாலிபேக் தயாரிக்கும் நம் நிறுவனம் குறு, சிறு தொழில் வரம்புக்குள் இருப்பதால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பெரிய துணை. எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. விண்ணப்பித்தால் இந்தச் சட்டத்தின் வசதியாக்க மன்றம் விசாரிக்கும். 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) பிரிவின் விதி இன்னும் கூர்மையானது: இந்தத் தவணையைத் தாண்டியும் தராத தொகையை, வாங்கியவர் தரும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவின் எண்ணைப் பில்லிலேயே அச்சிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு இருந்தாலும் முன்னுரிமைக் கடன் மட்டுமே கிடைக்கும், இந்தத் தாமதக் கட்டணப் பாதுகாப்பு கிடைக்காது.

செக் திரும்பினால் தேதிகள் மிக முக்கியம். வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்துமூல நோட்டீஸ், அது கிடைத்தபின் அவருக்கு 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் புகார். திரும்பிய செக்கைக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கணக்கர் நினைத்தால் வழக்குரிமையின் வலு போய்விடும். அன்றே முதலாளியின் மேசைக்குப் போக வேண்டும்.

பார்ட்டி ஒரு கம்பெனியாக இருந்து திவால் நடவடிக்கைக்குள் போனால், பொது அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் படிவம் 'பி'யில் உரிமைக்கோரிக்கை கொடுங்கள். நீங்களே அந்த நடவடிக்கையைத் தொடங்க வேண்டுமானால் பாக்கி ஒரு கோடியாவது இருக்க வேண்டும். பிறர் தொடங்கியதில் சேர அந்த வரம்பு இல்லை.

போன பணம் திரும்பி வந்தால்

ஊரைவிட்டுப் போனவர் அடுத்த ஆண்டு 30,000 ரூபாய் அனுப்புகிறார் என்று கொள்வோம். அவர் பழைய கணக்கில் வரவு வைத்துவிட்டால், கணக்கு ஏற்கெனவே பூஜ்யமாக இருப்பதால், அவருக்கு நாம் 30,000 தர வேண்டியதுபோல் ஏடு காட்டும். இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும். சரியான பதிவு இது:

வங்கி க/கு — பற்று 30,000
போக்கெழுதிய வாராக்கடன் மீட்பு க/கு — வரவு 30,000

முன்பு கழிவு பெற்ற தொகையாக இருந்தால் இந்த மீட்பு வந்த ஆண்டின் வருமானம், வரி உண்டு. பார்ட்டியின் பேரேட்டில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வையுங்கள். மறுபடி அவர் கடனுக்குச் சரக்குக் கேட்டு வரும் நாளில் அது தேவைப்படும்.

யார் கையெழுத்துப் போடுவது

வசூல் செய்பவரும் போக்கெழுதும் பதிவைப் போடுபவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. பணத்தை வாங்கிக்கொண்டு "பார்ட்டி ஓடிவிட்டார்" என்று எழுதிவிட்டால் கண்டுபிடிப்பது அரிது. ஒரு பார்ட்டியின் பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பார்ட்டியின் பணத்தால் அதை நிரப்பும் தந்திரமும் இங்கிருந்துதான் தொடங்கும். போக்கெழுதும் ஒவ்வொரு தொகைக்கும் காரணம் எழுதிய தாளில் முதலாளியின் கையெழுத்து வேண்டும். இருப்பு உறுதிக் கடிதங்களையும் வசூலுக்குப் போகாத ஒருவரே அனுப்பிப் பதில் வாங்கட்டும். இது எவரையும் சந்தேகிப்பதல்ல. நேர்மையான வசூல்காரருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

மாதாந்தர வேலை

மார்ச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வயதுப் பட்டியலை எடுத்து, பெயருக்கு நேரே கடைசியாகப் பணம் வந்த தேதியையும், கடைசியாகச் சரக்குப் போன தேதியையும் எழுதுங்கள். 90 நாளைத் தாண்டிய பாக்கி வைத்திருப்பவருக்கு இன்னும் சரக்குப் போய்க்கொண்டிருந்தால் அந்த வரியில் சிவப்பு மையில் கோடு போட்டு, அன்றைய லோடு ஏறும் முன் முதலாளியிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மாதம் அவருக்குக் கோபம் வரலாம். மூன்றாம் மாதம் அவரே அந்தத் தாளைக் கேட்டு வாங்குவார்.